தலையாட்டியதற்கு மேல்முறையீடு இல்லை

1

இந்தக் கதை கோபத்தில்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் என்னிடம் நிதானம் கேட்க முடியாது.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கான லேபிள். எங்கே துணையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எந்தத் தாய்மாமன் பெயருக்கு முன்னால் ‘திரு’ இல்லை என்று தேடித் தேடியே கண் பழகிவிட்டது. அங்கே பைண்டிங்கில் கற்பகவல்லி என்றொரு பெண் இருக்கிறாள். எம். புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

அவளுடைய அம்மா கருப்பம்மாள் பட்டாசுக் கம்பெனி விபத்தில் இறந்துபோனது எனக்குத் தெரியும். தெரியாதது இதுதான்: விபத்துக்குக் காரணமே கருப்பம்மாளின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். அதற்குச் சாட்சி சொன்னது கருப்பம்மாளுடன் அதே அறையில் வேலை பார்த்த, அவளுடைய உயிர்த்தோழி தங்கத்தாய். அப்படிச் சொன்னது தங்கத்தாய்க்கே தெரியாது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். நானும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லித்தான் கேட்டேன்.

முதலில் இப்படி எழுதினேன்:

“கந்தக பூமியில் அன்று காற்றுக்கூட…”

நிறுத்திவிட்டேன். கந்தக பூமி என்பவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு:

“உங்கள் வீட்டுத் தீபாவளியின் வெளிச்சத்துக்குப் பின்னால் ஓர்…”

இதையும் அடித்துவிட்டேன். ஐப்பசிதோறும் யாராவது ஒருவர் இதை எழுதுகிறார். படிப்பவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு கிஃப்ட் பாக்ஸ் விலை விசாரிக்கிறார்கள். மூன்றாவது:

“தங்கத்தாய் தலையாட்டினாள்.”

இது நிற்கும். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

2

எம். புதுப்பட்டிக்கு வெளியே இருக்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். ஃபேன்சி வெடிக்கு மருந்து செலுத்துகிற அறையில் தங்கத்தாயும் கருப்பம்மாளும் வேலை பார்த்தார்கள். நாலு பேர் இருக்க வேண்டிய அறை. சீசன் நெருங்கினால் அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அறைக்கு இரண்டு வாசல். ஏதாவது ஆனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதற்காக அப்படிக் கட்டியிருப்பார்கள். அந்த வாரம் வடக்கே அனுப்ப வேண்டிய ஆர்டர் குவிந்துகிடந்தது. வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகளைப் பின்வாசலை அடைத்து அடுக்கியிருந்தார்கள். கருப்பம்மாள் போர்மேனிடம் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் லோடு ஏறிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வரவில்லை.

தங்கத்தாய் தண்ணீர் குடிக்க முன்வாசலுக்கு வந்திருந்தாள். முற்றத்தில் காயப்போட்டிருந்த சரக்கில் குபுக்கென்று புகை. அங்கிருந்து நெருப்பு முன்வாசல் பக்கமாகவே வந்தது. அறைக்குள் இருந்த கருப்பம்மாள், ஓடத் தெரிந்த எவரும் ஓடுகிற மாதிரி, நெருப்புக்கு எதிர்த்திசையில் ஓடினாள். தங்கத்தாய் கடைசியாகப் பார்த்தது அவளுடைய முதுகை. இரண்டு கையாலும் அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த சத்தம்தான் தங்கத்தாய் கேட்ட கடைசிச் சத்தம்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. வெடிப்பு, உடல்கள், கிழிந்த தகரம். என்னால் அதை நன்றாக எழுத முடிந்தது. நன்றாக எழுத முடிந்ததாலேயே எடுத்துவிட்டேன்.)

மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காயம் ஆறியது. காது வரவில்லை. ஜவ்வு கிழிந்து உள்ளே நரம்பும் போய்விட்டது என்றார்கள். இரண்டு காதிலும் எப்போதும் ஒரு இரைச்சல் மட்டும் இருக்கிறது. “உள்ளுக்குள்ள மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு, எவனும் சுவிட்ச அமத்த மாட்டேங்கான்” என்று சொன்னாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் சத்தமாகப் பேசுகிறாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலே முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

3

இனி லட்சுமிகாந்தம் வர வேண்டும். என் முதல் பிரதியில் அவர் இப்படி வந்தார்:

“விரலில் மோதிரம் மின்ன, வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயோடு…”

எழுதியதைத் தங்கத்தாயிடம் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் கேட்பதை எழுதிக் காட்டுவேன், அவள் வாயால் பதில் சொல்வாள். இந்த வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தாள். “அண்ணாச்சி வெத்தல போட மாட்டாக. மோதிரமும் கெடையாது. எதுக்கு இப்படி எழுதியிருக்க?”

எதற்கு என்றால், அவரை வெறுப்பதற்கு எனக்கு வசதியாக இருக்கும் என்று.

லட்சுமிகாந்தம் பேப்பர் வியாபாரம் செய்கிறவர். அறுபதைத் தாண்டியவர். பாகப்பிரிவினை, நின்றுபோன நிச்சயதார்த்தம், கம்பெனி விபத்து என்று எதுவானாலும் போலீஸ், கோர்ட் வரை போகவிடாமல் பேசி முடித்துவைப்பார் என்று அவருக்குப் பெயர். அதற்கு யாரிடமும் பத்துப் பைசா வாங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் தங்கத்தாய் கிடந்தபோது காலையும் மாலையும் வந்திருக்கிறார். வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்திருக்கிறார். கட்டு மாற்ற நேரமானபோது நர்ஸிடம் சண்டை போட்டிருக்கிறார். கருப்பம்மாளைத் தூக்கும்போது அழுதிருக்கிறார், நிஜமாகவே.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். நல்லவர்தான். அந்த நல்ல மனதை அவர் எப்போதும் கொண்டுபோய் வைப்பது ஒரே பக்கத்தில். அதை அவர் கவனித்ததே இல்லை. என் கோபம் வெற்றிலைச் சாற்றிலிருந்து அங்கே நகர்ந்தது. நகர்ந்தபிறகு கூடத்தான் செய்தது.

4

லட்சுமிகாந்தத்தின் கடை மாடியில் பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனி முதலாளி ஸ்ரீராம்குமார் வந்திருந்தார். அப்பாவுக்குப் பிறகு பொறுப்பேற்ற இளவயதுக்காரர். தங்கத்தாய் தரப்பில் பேச அவளுடைய தம்பி பால்பாண்டி. அவன் அதே கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். இப்போதே உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கும்தான்.

இந்தக் காட்சியை நான் நாலு பக்கம் எழுதினேன். முதலாளியின் தயக்கம், அண்ணாச்சியின் சாமர்த்தியம், தம்பியின் குழைவு. வசனம் எல்லாம் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக இருக்கும். தங்கத்தாய் நாலு பக்கத்தையும் படித்தாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஒனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?”

நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அவள் பார்த்தது மட்டும் இங்கே:

ஃபேன் சுற்றியது. மூன்று பேருடைய வாயும் அசைந்தன. டீ வந்தது. பால்பாண்டி முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்து தடவுவானே அதே மாதிரி. அவ்வப்போது மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு தடவை, “என்ன பேசுதீக? எழுதிக் காட்டுங்க” என்று கேட்டாள். அண்ணாச்சி உள்ளங்கையைக் கவிழ்த்து, பொறு தாயி என்பது போலக் காட்டினார். பால்பாண்டி மட்டும் செல்போனில் ஒரு வரி அடித்து நீட்டினான்: நல்லதாத்தான்க்கா பேசுறோம்.

அவ்வளவுதான். தன்னுடைய காதுக்கும் தன் தோழியின் சாவுக்கும் விலை பேசிய இடத்தில் தங்கத்தாய்க்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

(தொகை எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது போதுமா போதாதா என்று நீங்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.)

பேசி முடித்ததை மக்கள் நீதிமன்றத்தில் வைத்து உறுதிப்படுத்தினார்கள். அங்கே பதிவானால் தீர்ப்புக்குச் சமம். எந்த ஊரில் என்று சொல்ல வேண்டாம் என்று பிற்பாடு நாங்கள் பார்த்த வக்கீல் சொல்லியிருக்கிறார், சொல்லவில்லை. பெரிய கூடம், வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை கூட்டம். அமர்வில் இருந்தவர் முறையாகத்தான் கேட்டார். அம்மாவுக்குக் காது கேட்காதே, எல்லாம் புரியவைத்தீர்களா என்று பால்பாண்டியிடம் விசாரித்தார்.

“வீட்டுலயே எழுதிக் காட்டி எல்லாத்தையும் சொல்லியாச்சுங்க ஐயா” என்றான் பால்பாண்டி.

லட்சுமிகாந்தம் பக்கத்தில் நின்றார். இல்லை என்று சொல்லவில்லை.

அமர்வில் இருந்தவர் தங்கத்தாயைப் பார்த்து, கையால் சைகை காட்டி, சம்மதமா என்று கேட்டார். பால்பாண்டி அவள் முழங்கையைத் தொட்டான்.

தங்கத்தாய் தலையாட்டினாள்.

பென்சிலால் குறி போட்டிருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டாள். தாளைக் கையில் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார்களாம். நகல் அண்ணாச்சியிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று பால்பாண்டி வாங்கிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுவந்த மனிதரிடம் ஒரு தாளைக் கொடுத்துவைக்க யார்தான் யோசிப்பார்கள்.

5

நடுவில் கொஞ்சம் கட்டுரை. வேண்டாதவர்கள் ஆறாவது பகுதிக்குப் போய்விடலாம்.

கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் அக்காவின் வீட்டுக்காரர் பஸ் மோதிக் கால் உடைந்து கிடந்தபோது, வருஷக்கணக்கில் வாய்தா வாய்தா என்று இழுத்த வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் ஒரே காலைப்பொழுதில் முடிந்தது. அவருக்குப் பிடிக்காத ஒரு நிபந்தனையை முடியாது என்றார், மாற்றினார்கள். கையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வடை சாப்பிட்டார். நல்ல காரியம். ஆயிரம் பேருக்கு நல்லது நடக்கிற இடம் அது.

ஆனால் அவர் முடியாது என்று சொன்னார் இல்லையா. அது அவர்கள் காதில் விழுந்தது, அவர்கள் சொன்னது இவர் காதில் விழுந்தது. ரெண்டு பேரும் பேசினால் சமரசம். ஒருத்தி கேட்காமல் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் பேசி முடித்தால் அதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது. லேபிளில் ‘சமரசம்’ என்று அடித்துவிட்டால் உள்ளே இருக்கிற சரக்கு மாறிவிடாது. எனக்குத் தெரியும், லேபிள் என் தொழில்.

‘சுமுகம்’ என்ற சொல்லையும் கண்டால் இப்போது எனக்கு ஆகவில்லை. யாருக்குச் சுமுகம் என்று கேட்காமல் அதை அச்சடிக்கவே

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. கத்துவதுபோல இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

6

தங்கத்தாயின் சம்மதத்தை வைத்துக்கொண்டு லட்சுமிகாந்தம் கருப்பம்மாள் வீட்டுக்குப் போனார். கூட வேலை பார்த்தவளே, மருந்தை ஓங்கிக் குத்தியதால்தான் தீப்பிடித்தது என்று ஒத்துக்கொண்டுவிட்டாள், தப்பு உங்கள் பக்கம் இருக்கும்போது முதலாளி தருவதை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று எடுத்துச்சொன்னார். போர்மேன் மேல் போட்ட வழக்கும் அதே பேச்சால் நீர்த்துப்போனது. கருப்பம்மாள் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஊரில் பேச்சு மாறியது. அவள் செய்த காரியத்தால்தான் இத்தனையும் என்று அன்று ஆளைப் பறிகொடுத்த மற்ற வீட்டுக்காரர்கள் கற்பகவல்லியிடம் முகம் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

ஆடி மாதம் வெள்ளிக்கிழமை, இருக்கன்குடியில் கூட்டம். அம்மனுக்கு முடியிறக்க வந்த அத்தை மகனோடு கற்பகவல்லி போயிருந்தாள். ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே தங்கத்தாய் தனியாக நடந்து வருவதைப் பார்த்தாள்.

அவளுக்குக் காது போனது கற்பகவல்லிக்குத் தெரியும். ஆனால் ஊரில் வேறு மாதிரியும் பேசினார்கள். அவளுக்கு வேண்டியது கேட்கும், வேண்டாதது கேட்காது என்று. கற்பகவல்லி அதை நம்பியிருந்தாள். போய் வழியை மறித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். அம்மாவின் கையால் தின்ற சோற்றிலிருந்து ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தைகள் வரை. பேசப் பேச அழுகை வந்துவிட்டது.

“அக்கா, நாசமாப் போங்கன்னு நான் மண்ண வாரித் தூத்துதேன். அவுக என் தலையத் தடவிக் குடுக்காக” என்றாள் கற்பகவல்லி என்னிடம்.

தாயில்லாப் பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் தன்னைப் பார்த்ததும் அம்மா நினைவு வந்து அழுகிறாள் என்று தங்கத்தாய் நினைத்துக்கொண்டாள். தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கண் கலங்கி, “அழாத தாயி, நான் இருக்கேன்ல” என்று கூட்டமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

நடிப்பில்லை என்று கற்பகவல்லிக்கு அப்போதுதான் விளங்கியது. செல்போனை எடுத்து அடித்தாள்: எங்கம்மாவாலதான் தீப்பிடிச்சுன்னு நீங்களா சித்தி சொன்னீக?

தங்கத்தாய் படித்தாள். திரும்பப் படித்தாள். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

(இந்த இடத்தில் அவள் முகத்தை வர்ணித்து மூன்று உவமை எழுதியிருந்தேன். ஒன்று ஆறு, ஒன்று அம்மன், ஒன்று சாம்பல். மூன்றையும் அவளே பேனாவால் அடித்துவிட்டாள்.)

7

பால்பாண்டி பக்கத்து வீடுதான். சாயங்காலம் வண்டி கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய், நான் என்னத்துக்குத் தலையாட்டினேன் என்று கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் வாயசைவைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சம் புரிந்துகொள்ளப் பழகியிருந்தது அவனுக்குத் தெரியும். அதனால்தான் திருப்பினான். தங்கத்தாய் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுலே.”

சொன்னான். அவன் சொன்னது முழுவதும் அவளுக்குப் புரியவில்லை. பிற்பாடு என்னிடமும் சொன்னான், மறைக்காமல். கம்பெனி லோடு இல்லையென்றால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் குடும்பம் நிற்கும். அக்காவுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள். தப்பு கருப்பம்மாளுடையது என்கிற அந்த ஒரு வரியை ஒத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். “செத்தவளுக்குப் பேரு என்னத்துக்குக்கா? இருக்கவளுக்குச் சோறு வேணும்ல.”

இவன் விபத்தன்று நெருப்பு அணைவதற்கு முன்பே உள்ளே ஓடி அக்காவைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தவன். அவன் கழுத்தில் அந்தச் சூடு பட்ட தழும்பு இருக்கிறது. இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இவனையும் முழுசாக வெறுக்க விடமாட்டேன் என்கிறது இந்தக் கதை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பட்டினிக்குப் பயந்தவன் ஒரு பொய் சொன்னான். அந்தப் பயத்தை அவன் உண்டாக்கவில்லை. ஆனால் பொய் அவனுடையது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன், அகப்படவில்லை.

8

கற்பகவல்லியும் தங்கத்தாயும் விருதுநகரில் அருணாதேவி என்ற வக்கீலைப் பார்த்தார்கள். நானும் உடன் போனேன். தீர்ப்பு நகலை முறைப்படி வாங்கிப் படித்துவிட்டு அருணாதேவி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தங்கத்தாயிடம் நீட்டினார்: இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்ததற்கு மேல்முறையீடு கிடையாது.

“நான் எங்க ஒத்துக்கிட்டேன்? தலையத்தான ஆட்டினேன்.”

அந்தச் சின்ன அறையில் அது இடி மாதிரி விழுந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

ஒரு வழி இருக்கிறது என்று அருணாதேவி எழுதினார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு, எழுதிக் காட்டி விளக்கினோம் என்று பால்பாண்டி சொன்னது பொய் என்று மனுவில் வர வேண்டும். வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள். ஜெயிப்போம் என்று சொல்ல முடியாது.

தங்கத்தாய் அந்தத் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன சிநேகிதியின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உயிரோடிருக்கிற தம்பியின் பெயரைக் கெடுக்க வேண்டும். நெருப்பிலிருந்து தன்னைத் தூக்கிய தம்பி.

நான் இந்த இடத்தில் என்ன எழுதினாலும் அது என்னுடைய மனசாகத்தான் இருக்கும். அவள் செய்ததைச் சொல்கிறேன். தாளை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தாள். ஊருக்குப் போய், பால்பாண்டியிடம் தானே சொன்னாள், உன் பேர் மனுவில் வரும் என்று. அவனுடைய பெண்டாட்டி அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வாசலைச் சாத்திவிட்டாள். மறுநாள் தங்கத்தாய் விருதுநகருக்கு வந்து, “எழுதுங்க” என்றாள்.

9

நோட்டீஸ் போனதும் லட்சுமிகாந்தம் தங்கத்தாய் வீட்டுக்கே வந்தார். கோர்ட்டு வாசல் நமக்கெதற்கு, இன்னொரு தரம் உட்கார்ந்து பேசுவோம் என்று எழுதியே காட்டினார். இந்தத் தடவை எழுதத் தெரிந்திருந்தது அவருக்கு.

தங்கத்தாய் வருகிறேன் என்றாள். இரண்டு நிபந்தனை. கற்பகவல்லி கூட வருவாள். யார் எதைச் சொன்னாலும் எழுதித்தான் சொல்ல வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்தார்கள். நடுவில் வெள்ளைத் தாள், பேனா. ஸ்ரீராம்குமாருக்கு அழகான கையெழுத்து என்று கற்பகவல்லி சொன்னாள். முதலில் அவர் எழுதினார்: உங்களுக்கு என்ன குறை, சொல்லுங்கம்மா.

“பின்வாசல்ல அட்டப்பெட்டி அடுக்கி வச்சிருந்தோம், அதான் கருப்பம்மா வெளிய வர முடியலன்னு எழுதுங்க” என்றாள் தங்கத்தாய்.

பேனா நின்றுவிட்டது.

முதல் பேச்சுவார்த்தையில் சரளமாகப் பேசிய மனிதர்கள். டீயும் சிரிப்புமாகப் பேசியவர்கள். இப்போது அந்தத் தாளுக்கு முன்னால் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும் என்று அவர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு எழுதவில்லை.

ஸ்ரீராம்குமார் அண்ணாச்சி பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். தங்கத்தாய் உள்ளங்கையால் மேசையை அடித்தாள். அப்போது கற்பகவல்லி கையை நீட்டிப் பேனாவை எடுத்தாள். முதலாளி சொன்னதை அப்படியே தாளில் எழுதித் தங்கத்தாய் பக்கம் திருப்பினாள்:

‘அத எழுதுனா லைசென்ஸ் போயிரும் அண்ணாச்சி.’

தங்கத்தாய் படித்து முடிப்பதற்குள் லட்சுமிகாந்தம் எட்டி அந்தத் தாளைப் பறித்தார். நாலாக, எட்டாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு வயதான மனிதர் அப்படிச் செய்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததாம் கற்பகவல்லிக்கு.

தங்கத்தாய் எழுந்தாள். “அப்ப நெசந்தான” என்றாள். கேள்வியாக அல்ல. அவள் குரல் ஆபீஸைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மருந்து அறைகள் வரை கேட்டிருக்கும். வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் வாசலுக்கு வந்து நின்றார்கள். கற்பகவல்லி அந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாளாம். ஓர் அறையில் பின்வாசல் திறந்திருந்தது. அடுத்த அறையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

10

முடிவுகள்.

ஒன்று எழுதினேன்: ஸ்ரீராம்குமாரின் மனசாட்சி விழித்து, கண்ணீர் மல்க அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். எழுதும்போது எனக்கே இதமாக இருந்தது. அந்த இதத்துக்காகவே கிழித்தேன்.

இன்னொன்று: மதுரையில் தீர்ப்பு வருகிறது, தங்கத்தாய் ஜெயிக்கிறாள். நடக்கலாம். இன்னும் நடக்கவில்லை. மனு ஏற்கப்பட்டிருக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்வருகிறார்கள். போர்மேன் வேறு கம்பெனியில் இருக்கிறார். பால்பாண்டியின் வண்டிக்கு லோடு தருவதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. பொய் சொல்லியும் அவனுக்கு அதுதான் மிச்சம்.

என் கதைகளைப் போடுகிற பத்திரிகைக்காரர் ஒரு யோசனை சொன்னார். முடிவை வாசகரிடமே விட்டுவிடுங்கள், நவீனமாக இருக்கும் என்றார்.

விடமாட்டேன். நீங்கள் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் நானும் உட்கார்ந்து, தங்கத்தாய் இல்லாத இடத்தில், அவளுக்கு எது நல்லது என்று பேசி முடிவு செய்தால் அது என்ன? அதைத்தான் அந்தக் கடை மாடியில் ஏற்கெனவே செய்தார்கள். உங்கள் கையில் இந்தக் கதையின் முடிவைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. வாங்கிக்கொள்ள உங்களுக்கும் இல்லை.

ஆகவே இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனேன். தங்கத்தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்தாள். அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, கருப்பம்மாள் போர்மேனிடம் சொன்னது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை என்றாள். குறித்துக்கொண்டேன். பால்பாண்டியின் கழுத்துத் தழும்பு இருக்கட்டும் என்றாள். இந்தப் பத்திக்குக் கீழே கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவளைப் பற்றி, அவளுடைய தைரியத்தைப் பற்றி. நல்ல வரி என்று நினைத்திருந்தேன்.

அதில் விரலை வைத்தாள். “இது வேண்டாம்” என்றாள், தெருவுக்கே கேட்க.

எடுத்துவிட்டேன்.